பதிவுக் காணொலியும் நேரடிப் பயிற்சியும்: கொங்கு வட்டார வழக்குரைஞர்களுக்கான கலப்புமுறைப் பயிற்சி

ஆய்வுச் சுருக்கம்

வேண்டும்போது காணத்தக்க பதிவுக் காணொலிப் பாடங்களையும் நேரடிப் பயிற்சியையும் இணைத்து வழக்குரைஞர்களுக்குத் தொடர் சட்டக் கல்வி அளிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தமையால், பணியில் இருக்கும் வழக்குரைஞர் அனைவரும் ஒரே நேரத்தில் மறுபடியும் கற்க வேண்டிய நிலை உருவாகியுள்ளது. கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட கொங்கு வட்டாரத்தின் வட்ட நீதிமன்றங்களை முன்வைத்து, எதைக் காணொலிக்கு விடலாம், எதை நேரடிப் பயிற்சிக்கே ஒதுக்க வேண்டும் என்பதற்கான அளவுகோலை இக்கட்டுரை முன்வைக்கிறது. கற்பவரின் பிழையைப் பிறர் கண்டு திருத்த வேண்டிய தேவை உண்டா இல்லையா என்பதே அந்த அளவுகோல். அதன் அடிப்படையில் ஒரு மாதிரிப் பயிற்சி அலகும் தரப்படுகிறது.

குறிச்சொற்கள்: தொடர் சட்டக் கல்வி, கலப்புமுறைப் பயிற்சி, பதிவுக் காணொலி, குறுக்கு விசாரணை, கொங்கு வட்டார வழக்கு, கீழமை நீதிமன்றங்கள்.

முன்னுரை

வால்பாறையில் தொழில்புரியும் ஒரு வழக்குரைஞர் கோயம்புத்தூரில் நடைபெறும் பயிற்சிக்கு வர வேண்டுமெனில் 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆழியாற்றுக்கு இறங்கி, பொள்ளாச்சி வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். தாராபுரம், சத்தியமங்கலம், பவானி போன்ற ஊர்களிலிருந்து வருவோர்க்கும் ஒரு நாள் வருமானமும் ஒரு நாள் பொழுதும் செலவாகின்றன. அவ்வாறு வந்து சேர்ந்தவர் அரங்கில் அமர்ந்து இரண்டு மணி நேரச் சொற்பொழிவைக் கேட்டுவிட்டுத் திரும்பினால், அந்தப் பயணத்தால் அவர் பெற்றது என்ன? அதே சொற்பொழிவைத் தம் அலுவலகத்திலேயே கைப்பேசியில் கேட்டிருக்கலாம். மாறாக, அவர் எழுதிய ஒரு மனுவையோ, நடத்திய ஒரு குறுக்கு விசாரணையையோ அனுபவம் மிக்க ஒருவர் நேரில் திருத்தியிருந்தால், அப்பயனைக் கைப்பேசி தந்திருக்க இயலாது.

கலப்புமுறைப் பயிற்சி பற்றிய உரையாடல் பெரும்பாலும் தொழில்நுட்ப வசதி குறித்ததாகவே அமைகிறது. நேரடிப் பயிற்சியின் அருமையான நேரத்தை எதற்குச் செலவிடுவது என்பதே அதன் மையச் சிக்கல் என இக்கட்டுரை கருதுகிறது.

கலைச்சொற்களின் வரையறை

கற்பவர் தாம் விரும்பும் நேரத்தில் தொடங்கவும் நிறுத்தவும் மீண்டும் காணவும் இயலும்படி முன்னரே பதிவு செய்யப்பட்ட பாடம், இக்கட்டுரையில் 'பதிவுக் காணொலி' எனப்படுகிறது. 'நேரடிப் பயிற்சி' என்பது கற்பவர் ஒன்றைச் செய்துகாட்ட, பயிற்றுநர் அப்பொழுதே எதிர்வினையாற்றும் பயிற்சியாகும். அது ஓர் அறையிலும் நடக்கலாம். இணையவழி நேரலையிலும் நடக்கலாம்.

இவ்வரையறையின்படி, முந்நூறு பேர் இணைந்து கேட்கும் இணையவழிக் கருத்தரங்கு நேரலையாயினும் நேரடிப் பயிற்சி ஆகாது. அங்கே பேசுபவர் ஒருவர், மற்றவர் கேட்போர். அதை மறுநாள் பதிவாகக் கண்டாலும் கற்பவர்க்கு இழப்பு மிகுதியில்லை. கொரோனாக் காலத்தில் பெருகிய இணையவழிச் சட்டக் கருத்தரங்குகளை மதிப்பிடும்போது இவ்வேறுபாடு மறக்கப்படுவதுண்டு.

இவ்விரண்டையும் ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருக்குமாறு வரிசைப்படுத்துவது 'கலப்புமுறைப் பயிற்சி'. விளக்கத்தை வீட்டில் கேட்டு, பயிற்சியை வகுப்பில் செய்யும் 'தலைகீழ் வகுப்பறை' இதன் ஒரு வடிவம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பள்ளியொன்றில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் ஆகிய வேதியியல் ஆசிரியர் இருவர் 2007ஆம் ஆண்டளவில் கையாண்டதன் வழியாக இது பரவலாக அறியப்பட்டது.

பதிவு பெற்ற பிறகு கற்பதற்கு உள்ள ஏற்பாடு

1961ஆம் ஆண்டு வழக்குரைஞர்கள் சட்டத்தின் 6ஆவது பிரிவு, சட்டப் பொருண்மைகளில் கருத்தரங்குகளையும் அறிஞர் உரைகளையும் நடத்துவதை மாநில பார் கவுன்சில்களின் பணிகளுள் ஒன்றாகக் கூறுகிறது. ஆயினும் பதிவு பெற்ற வழக்குரைஞர் ஆண்டுதோறும் இத்தனை மணி நேரம் பயின்றாக வேண்டும் என்ற கட்டாயம் இந்தியாவில் இல்லை. பதிவுக்கு முன் ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய இந்திய பார் கவுன்சிலின் 1995ஆம் ஆண்டுப் பயிற்சி விதிகளை, வி. சுதீர் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. பயிற்சி வேண்டாம் என்பது அத்தீர்ப்பின் கருத்தன்று. பயிற்சியைப் பதிவுக்கான முன்நிபந்தனையாக்கும் அதிகாரம் 1973ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அச்சட்டத்தில் இல்லை என்பதே அதன் அடிப்படை.

பின்னர் 2010இல் அறிவிக்கப்பட்டு, 2011 மார்ச்சில் முதன்முதலாக நடத்தப்பட்ட அகில இந்திய பார் தேர்வை அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் 100 வினாக்களைக் கொண்ட இத்தேர்வு, சட்ட அறிவின் அடிப்படை அளவை உறுதிசெய்கிறது. ஒரு சாட்சியை எவ்வாறு விசாரிப்பது என்பதை அது சோதிப்பதில்லை. அவ்வடிவத்தில் சோதிக்கவும் இயலாது. 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரங்களும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரங்களும் களப்பயிற்சி வேண்டும் என்கின்றன. ஆனால் அவை மாணவப் பருவத்திற்குரியவை.

எனவே, கோயம்புத்தூர் அரசு சட்டக் கல்லூரியிலோ சேலம், நாமக்கல் கல்லூரிகளிலோ பட்டம் பெற்று வெளிவரும் ஒருவருக்கு உண்மையான பயிற்சிக்கூடமாக அமைவது மூத்த வழக்குரைஞர் ஒருவரின் அலுவலகமே. நல்ல மூத்தவர் வாய்த்தால் அதனினும் சிறந்த பள்ளி இல்லை. ஆனால் அது உறவு, சாதி, ஊர், அறிமுகம் ஆகியவற்றின் வழியாகவே பெரும்பாலும் வாய்க்கிறது. குடும்பத்தின் முதல் வழக்குரைஞராக வருபவர்க்கும் பெண்களுக்கும் அவ்வாய்ப்பு எளிதாகக் கிடைப்பதில்லை. இளம் வழக்குரைஞர்களுக்கு மாத உதவித்தொகை வழங்க வேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் வலியுறுத்தியதைத் தொடர்ந்து, சென்னை, மதுரை, கோயம்புத்தூர் நகரங்களில் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சத் தொகைகளாகக் குறிக்கப்பட்டன. அலுவலகத்தில் இருக்கும் காலத்திற்கான ஊதியம் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. அக்காலத்தில் என்ன கற்பிக்கப்படுகிறது என்ற பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

நீதிபதிகளின் நிலை வேறு. தமிழ்நாடு மாநில நீதித்துறைப் பயிலகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, கோயம்புத்தூரிலும் மதுரையிலும் வட்டார மையங்களுடன் இயங்குகிறது. ஒரே வழக்கில் மேடைமேல் இருப்பவர்க்கு நிறுவன வழிப்பட்ட பயிற்சி உண்டு. கீழே நின்று வாதிடுபவர்க்கு அது தற்செயலுக்கு விடப்பட்டுள்ளது. அந்தத் தற்செயலின் விலையைக் கட்சிக்காரரே தருகிறார்.

2024 ஜூலை 1க்குப் பின்

பாரதிய நியாய சன்ஹிதா 358 பிரிவுகளையும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 531 பிரிவுகளையும், பாரதிய சாக்ஷிய அதினியம் 170 பிரிவுகளையும் கொண்டு நடைமுறைக்கு வந்தன. முந்தைய இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், இந்தியச் சாட்சியச் சட்டம் ஆகியவற்றின் இடத்தை இவை பெற்றன. எனினும் பழையவை முற்றிலும் மறைந்துவிடவில்லை. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். நிலுவையில் இருந்த விசாரணைகளைப் பழைய நடைமுறைப்படியே தொடரவும் புதிய சட்டங்களில் பாதுகாப்புப் பிரிவுகள் உள்ளன. ஆகவே ஈரோட்டிலோ திருப்பூரிலோ உள்ள ஒரு குற்றவியல் வழக்குரைஞர் பல ஆண்டுகளுக்கு இரண்டு சட்டத் தொகுதிகளையும் ஒரே நாளில் கையாள வேண்டியிருக்கும்.

மாற்றம் பிரிவு எண்களோடு நிற்கவில்லை. தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளி வடிவில் பதிவு செய்ய வேண்டும் என நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு கூறுகிறது. ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்திற்குச் செல்ல 176(3) வழிசெய்கிறது. மின்னணுச் சான்றுக்குரிய பழைய 65ஆ பிரிவின் இடத்தில் இப்போது சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவு உள்ளது. அதற்குரிய சான்றிதழ் இரண்டு பகுதிகளாக, ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட்டு அமைய வேண்டும். முதற்பகுதியைச் சான்றை முன்வைப்பவரும் இரண்டாம் பகுதியை வல்லுநரும் நிரப்புவர். இச்சான்றிதழின் இன்றியமையாமையைப் பழைய சட்டத்தின் கீழேயே அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருந்தது. கண்காணிப்புக் கேமராப் பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் இல்லாத குற்ற வழக்கு அருகிவரும் காலத்தில், இச்சான்றிதழில் நேரும் ஒரு குறை ஒருவரது சிறைவாசத்தையோ விடுதலையையோ தீர்மானிக்கக்கூடும்.

ஒரு தலைமுறை வழக்குரைஞர்களின் அறிவு ஒரே நாளில் திருத்தம் வேண்டுவதாயிற்று. இத்தேவையை அரங்கச் சொற்பொழிவுகளால் மட்டும் நிறைவேற்ற இயலாது.

பதிவுக் காணொலி செய்யக்கூடியது

எல்லோர்க்கும் ஒரே வகையில் சொல்லத்தக்கதும், மறந்தால் மீண்டும் பார்க்கத்தக்கதும் காணொலிக்குரியவை. பழைய, புதிய பிரிவுகளின் ஒப்பீடு, 63ஆவது பிரிவுச் சான்றிதழின் பகுதிகள், ஹாஷ் மதிப்பைக் கணக்கிடும் செய்முறை, மின்பதிவு தளத்தில் மனுவைத் தாக்கல் செய்யும் படிநிலைகள் முதலியன இவ்வகையின. வாய்தா முடிந்த மாலையிலோ வழக்கு அழைக்கப்படக் காத்திருக்கும் இடைவெளியிலோ இவற்றைக் காணலாம். வேண்டிய இடத்தில் நிறுத்தித் தம் வழக்குக் கட்டோடு ஒப்பிடலாம். இது அரங்கச் சொற்பொழிவுக்கு இல்லாத சிறப்பு.

ஆனால் நீண்ட சொற்பொழிவை அப்படியே பதிவு செய்து தருவது காணொலிப் பாடம் ஆகாது. ஃபிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் ஆகியோர் எட்எக்ஸ் தளத்தின் 69 இலட்சம் காணல் அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், காணொலி எவ்வளவு நீண்டதாயினும் கற்போர் அதில் ஈடுபடும் இடைநிலை நேரம் ஏறத்தாழ 6 நிமிடங்களைத் தாண்டவில்லை எனக் கண்டனர். ஸ்புனார், கான், ஷாக்டர் ஆகியோரின் 2013ஆம் ஆண்டு ஆய்வு, காணொலிப் பாடத்தின் இடையிடையே சிறு தேர்வுகளை வைத்தால் கற்போரின் மனம் அலைவது குறைகிறது எனக் காட்டியது. சிறு பகுதிகளாகப் பிரிப்பதும் இடையில் வினா வைப்பதும் காணொலிப் பாடத்தின் அடிப்படை ஒழுங்குகள் ஆகின்றன.

இந்திய நீதித்துறையிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் மின்-குழு, மின்பதிவு குறித்த கையேட்டைத் தமிழ் உள்ளிட்ட வட்டார மொழிகளில் வெளியிட்டு, விளக்கக் காணொலிகளை யூடியூபில் ஏற்றியது. அத்துடன் நில்லாமல், ஒவ்வோர் உயர் நீதிமன்றத்திற்கும் 25 தலைமைப் பயிற்றுநர்களை உருவாக்கி, அவர்கள் வழியே மாவட்ட அளவிலான வழக்குரைஞர்களுக்குப் பயிற்சி பரவச் செய்தது. அதன் பின்னும் தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் மின்பதிவைக் கட்டாயமாக்கும் முயற்சிக்கு வழக்குரைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்துப் போராடினர். கட்டமைப்பு வசதிகளின் போதாமை அவர்களின் முதன்மையான காரணங்களுள் ஒன்று. காணொலி இருப்பதும் அதைப் பயன்படுத்தும் சூழல் இருப்பதும் வேறு வேறு என்பது இதனால் தெளிவாகிறது.

நேரடிப் பயிற்சிக்கே உரியது

குறுக்கு விசாரணையில் முரணைப் பதிவு செய்யும் முறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. காவல் துறையினரிடம் சாட்சி அளித்த வாக்குமூலத்தை அரசுத் தரப்புச் சாட்சியின் கூற்றை முரண்படுத்துவதற்கு எதிர்த்தரப்பு பயன்படுத்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181ஆவது பிரிவு இடமளிக்கிறது. அவ்வாறு செய்யுமுன் வாக்குமூலத்தின் குறிப்பிட்ட பகுதியைச் சாட்சியின் கவனத்திற்குக் கொண்டுவர வேண்டும் எனச் சாக்ஷிய அதினியத்தின் 148ஆவது பிரிவு விதிக்கிறது. முந்தைய சட்டப் பிரிவுகளின் கீழ் இதன் எல்லைகளைத் தஹ்சில்தார் சிங் வழக்கில் 1959இல் உச்ச நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்தது.

இவ்விதியைக் காணொலி எட்டு நிமிடங்களில் தெளிவாக விளக்கிவிடும். ஆனால் கூண்டின் முன் நிற்கும் இளம் வழக்குரைஞர் செய்யும் பிழைகள் விதி தெரியாமையால் மட்டும் நேர்வதில்லை. நீதிமன்றத்தில் சாட்சி இப்போது சொன்னதை முதலில் உறுதிப்படுத்தாமலே பழைய வாக்குமூலத்திற்குத் தாவிவிடுகிறார். குறிப்பிட்ட வரியைக் காட்டாமல் முழு வாக்குமூலத்தையும் சுட்டிக் கேட்கிறார். சாட்சி மறுத்த பின், புலன்விசாரணை அதிகாரியிடம் அதே பகுதியைக் கேட்டு மெய்ப்பிக்க மறந்துவிடுகிறார். சாட்சி எதிர்பாராத விடை சொன்னால், அடுத்த வினாவை அதற்கேற்ப மாற்றத் தெரியாமல் எழுதிவந்த வினாவையே கேட்கிறார். இவை ஒவ்வொன்றும் செய்துகாட்டும்போதே வெளிப்படும் பிழைகள். செய்பவர் கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படாதவை. அருகில் இருப்பவர் ஒருவர் தடுத்துத் திருத்த வேண்டும்.

உச்ச நீதிமன்ற நடவடிக்கைகளை நேரலையாக ஒளிபரப்பலாம் என 2018இல் ஸ்வப்னில் திரிபாதி வழக்கில் முடிவாகி, 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் ஒளிபரப்பாகின்றன. மேல்முறையீட்டு வாதத்தைக் கற்க இது பெருவாய்ப்பு. ஆனால் வட்ட நீதிமன்ற வழக்குரைஞரின் அன்றாடத் தொழிலான சாட்சி விசாரணைக்கு இத்தகைய பொதுக் காணொலி இல்லை. சாட்சியின் பாதுகாப்பைக் கருதினால் இருக்கவும் கூடாது. ஆகவே அத்திறனை மாதிரி விசாரணையின் வழியாகவே பயில வேண்டும்.

தமிழ்நாட்டில் இத்தகைய பயிற்சி புதிதன்று. 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சமரச மையம், நீதிமன்றத்தோடு இணைந்த சமரசத் தீர்வுக்கு நாட்டிற்கே முன்னோடியாக அமைந்தது. உச்ச நீதிமன்றத்தின் சமரசத் திட்டக் குழு வகுத்த முறைப்படி, சமரசராக விரும்பும் வழக்குரைஞர் 40 மணி நேரப் பயிற்சி பெறுகிறார். அதில் பங்கேற்பாளர்கள் மாறிமாறிக் கட்சிக்காரராகவும் சமரசராகவும் நடித்துப் பழகுகின்றனர். சினத்தோடு பேசும் ஒருவரை இடைமறிக்காமல் கேட்பது எப்படி என்பதை நூலிலிருந்து அறியலாம். பழகினாலன்றி அது கைவராது. சமரசத்திற்கு ஏற்கப்பட்ட இவ்வுண்மை சாட்சி விசாரணைக்கும் கட்சிக்காரரைச் சந்தித்து விவரம் கேட்பதற்கும் பொருந்தும்.

உலக அளவிலும் இவ்வேறுபாடு விதியாகவே வகுக்கப்பட்டுள்ளது. நியூயார்க் மாநிலத்தில் புதிதாகப் பதிவு பெற்ற வழக்குரைஞர் முதல் இரண்டு ஆண்டுகளில் 32 அலகுகள் பயில வேண்டும். அவற்றுள் தொழில்திறன் சார்ந்த அலகுகளைப் பதிவுக் காணொலி வழியாகப் பெற விதிகள் இடமளிப்பதில்லை. வினவவும் விடை பெறவும் இயலும் நேரடி வகுப்பு வேண்டும். அலுவலக மேலாண்மை போன்ற பொருண்மைகளைப் பதிவு வழியாகவே பயிலலாம்.

மொழி என்னும் கூறு

1956ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் செய்யப்பட்ட திருத்தம், கீழமை நீதிமன்றங்களில் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழில் பதிவு செய்ய வழிவகுத்தது. சாட்சி பேசுவது தமிழ். காவல் வாக்குமூலம் தமிழ். ஆனால் சட்டம் பற்றிய காணொலிப் பாடங்களுள் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது. ஆங்கிலத்தில் கற்ற கோட்பாட்டைத் தமிழ் வினாவாக மாற்றும் சுமை முழுவதும் கற்பவர் மேல் விழுகிறது.

கொங்கு வட்டாரத்தில் இதற்கு இன்னொரு படியும் உண்டு. விளக்கத்திற்காக ஒரு கற்பனைச் சூழலைக் கருதலாம். தோட்டத்துச் சாளையில் நிகழ்ந்த தகராறு பற்றிச் சாட்சி, "பொழுதோடத்தான் வந்தாருங்க" என்கிறார். கொங்கு வழக்கில் 'பொழுதோட' என்பது மாலை வேளையைக் குறிக்கும். பிற வட்டாரங்களில் அதுவே 'இருட்டுமுன், வெளிச்சம் இருக்கும்போதே' எனப் பொருள்படும். வெளி மாவட்டத்திலிருந்து வந்த காவல் அதிகாரி அதைப் 'பகலில் வந்தார்' என வாக்குமூலத்தில் எழுதியிருந்து, நீதிமன்றத்தில் சாட்சி 'மாலை ஏழு மணி' என்றால், எதிர்த்தரப்புக்கு அது முரணாகத் தோன்றும். அது உண்மையில் சாட்சியின் முரணா, எழுதியவரின் மொழிபெயர்ப்பா? அரசுத் தரப்பு வழக்குரைஞர் மறு விசாரணையில் அதைத் தெளிவுபடுத்த அறிந்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்குரைஞரும் தம் வாதம் எவ்வளவு தாங்கும் என்பதை உணர்ந்திருக்க வேண்டும்.

பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' போன்ற நூல்கள் இலக்கிய வாசிப்புக்கு மட்டுமன்றி இத்தகைய பயிற்சிக்கும் மூலப்பொருளாகும். சட்டத் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து உருவாக்க வேண்டிய பாடம் இது. விதியைச் சொல்லும் காணொலி தமிழ்நாடு முழுமைக்கும் பொதுவாக இருக்கலாம். மாதிரி விசாரணையின் உரையாடல் அவ்வவ்வட்டாரத்தில் எழுதப்பட வேண்டும்.

ஒரு மாதிரி அலகு

மேற்கண்ட அளவுகோலின்படி 'முரணைப் பதிவு செய்தல்' என்னும் மூன்று வார அலகு ஒன்றைப் பின்வருமாறு அமைக்கலாம். பங்கேற்பாளர் 12 பேர்.

முதல் வாரம் பதிவுக் காணொலிக்குரியது. எட்டு நிமிட அளவில் ஐந்து காணொலிகள், மொத்தம் 40 நிமிடங்கள். ஒவ்வொன்றின் இறுதியிலும் இரண்டு வினாக்கள். பின்னர் ஒரு கற்பனை வழக்குக் கட்டு தரப்படும். அதிலுள்ள வாக்குமூலத்தையும் முதல் விசாரணைச் சாட்சியத்தையும் ஒப்பிட்டு, முரண் எனத் தாம் கருதும் மூன்று இடங்களையும் அவற்றுக்கான வினாக்களையும் எழுதி முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்க்கு நேரடி அமர்வில் இடமில்லை. இக்கட்டுப்பாடு தளர்ந்தால், காணொலி காணாமல் வந்தவர்க்காகப் பயிற்றுநர் மீண்டும் சொற்பொழிவு ஆற்ற நேரும். கலப்புமுறை அங்கேயே குலையும்.

இரண்டாம் வாரம், ஒரு சனிக்கிழமை பிற்பகல், 150 நிமிட நேரடி அமர்வு. வந்து சேர்ந்த விடைத்தாள்களில் பலரும் செய்த பிழைகளைப் பயிற்றுநர் முதல் 30 நிமிடங்களில் எடுத்துரைப்பார். எஞ்சிய 120 நிமிடங்களில் ஒவ்வொருவர்க்கும் பத்து நிமிடங்கள்: ஆறு நிமிடம் விசாரணை, நான்கு நிமிடம் திருத்தம். இதே 150 நிமிடங்களில் 90 நிமிடம் சொற்பொழிவுக்குப் போனால் ஆறு பேருக்கே வாய்ப்புக் கிட்டும்; மற்ற ஆறு பேர் பார்வையாளராகவே திரும்புவர். வால்பாறையிலிருந்து வந்தவர் அந்த ஆறு பேரில் ஒருவராக இருக்கக் கூடாது என்பதற்காகவே காணொலி தேவைப்படுகிறது.

மூன்றாம் வாரம், ஒரு மணி நேர இணையவழி அமர்வு. இதற்குப் பயணம் வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தம் நீதிமன்றத்தில் கவனித்த ஒரு குறுக்கு விசாரணையைப் பற்றி, பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கிப் பேசுவர்.

கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் ஆகிய மூன்று இடங்களில் நேரடி அமர்வுகள் சுழற்சி முறையில் நடந்தால் பெரும்பாலானோரின் பயணம் குறையும். வழக்குரைஞர் சங்கங்களும் அரசு சட்டக் கல்லூரிகளும் இணைந்தால் அதற்கான அறைகள் ஏற்கெனவே உள்ளன.

மதிப்பீடும் கவனிக்க வேண்டியவையும்

பயிற்சியின் பயனைப் பங்கேற்பாளரின் மனநிறைவைக் கொண்டு அளப்பது வழக்கம். அது போதுமானதன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டெலோரியே குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், தாமே செய்து கற்ற வகுப்பில் மாணவர்கள் மிகுதியாகக் கற்றிருந்தும், நல்ல சொற்பொழிவிலேயே மிகுதியாகக் கற்றதாக உணர்ந்தனர். திருத்தப்படுவது இனிய அனுபவமன்று. எனவே பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே வகையான வழக்குக் கட்டைத் தந்து, செயல் வேறுபாட்டை அளப்பதே பொருத்தம்.

மணிக்கணக்கும் முழுமையான அளவுகோலன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர்களுக்கு இருந்த ஆண்டுக்கு 16 மணி நேரப் பயிற்சிக் கட்டாயம் 2016 நவம்பரில் கைவிடப்பட்டு, தம் தேவையைத் தாமே ஆராய்ந்து பயிலும் முறை கொண்டுவரப்பட்டது. காணொலியை ஓடவிட்டு வேறு வேலை பார்த்தாலும் மணிக்கணக்கு நிறைந்துவிடும் என்பதை யாவரும் அறிவர். அமெரிக்கக் கல்வித் துறைக்காக மீன்ஸ் குழுவினர் 2010இல் திருத்தி வெளியிட்ட தொகுப்பாய்வு, கலப்புமுறை சராசரியாகக் கூடுதல் பயன் தந்ததாகக் கண்டது. எனினும் கூடுதலான கற்கும் நேரமும் கூடுதலான பாடக் கூறுகளும் அதற்குக் காரணமாகலாம் என்று அவ்வாய்வே எச்சரித்தது. முறையின் பெயரில் பயன் இல்லை. அதனுள் நிகழும் செயலில் உள்ளது.

மேலும் இரண்டு கவனங்கள் வேண்டும். ஒவ்வொரு காணொலியிலும் அது எந்த நாள் வரையிலான சட்ட நிலையைக் கூறுகிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். பழைய பிரிவு எண்களோடு உலவும் காணொலி, தகவல் இல்லாமையினும் தீங்கானது. அடுத்து, உண்மையான வழக்குக் கட்டுகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது. கட்சிக்காரர் சொன்னதை வெளியிடாமை சாக்ஷிய அதினியத்தின் 132ஆவது பிரிவால் காக்கப்படும் கடமையாகும்.

முடிவுரை

பதிவுக் காணொலி தொலைவைக் குறைக்கிறது. நேரடிப் பயிற்சி பிழையைக் குறைக்கிறது. ஒன்றன் வேலையை மற்றொன்று செய்ய இயலாது. கொங்கு வட்டாரம் போன்ற பரந்த நிலப்பகுதியில் அனுபவம் மிக்க பயிற்றுநரின் நேரமே அரிதிலும் அரிது. அந்நேரம், பிறிதொரு வழியில் பெறவே இயலாத ஒன்றுக்கு, அதாவது ஒருவரின் செயலைக் கண்டு திருத்துவதற்குச் செலவாக வேண்டும். எல்லோர்க்கும் பொதுவான விளக்கங்களைத் தமிழில், சிறு காணொலிகளாக, நாள் குறித்துத் தருவது அதற்கான முன்னேற்பாடு.

மூத்தவர் ஒருவரின் அலுவலகத்தில் நல்லூழால் வாய்த்த கல்வியை, அறிமுகம் ஏதுமின்றி வட்ட நீதிமன்றத்திற்கு வரும் ஒருவர்க்கும் உரியதாக்குவதே இம்முறையின் நோக்கம். அக்கல்வி அவர்க்குக் கிட்டாதபோது இழப்பு அவரோடு முடிவதில்லை. கேட்கப்படாமல் போன ஒரு வினாவின் விளைவைக் கூண்டில் நிற்பவர் அனுபவிக்கிறார். தொடர் சட்டக் கல்வி குறித்த இனிவரும் ஆய்வுகள், எத்தனை பேர் காணொலி கண்டனர் என்பதோடு எத்தனை பேர் திருத்தப்பட்டனர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.